தெருநாயின் நம்பிக்கையும் மருத்துவமும்

வீட்டு நாய் நோயுற்றால் அதனை வளர்ப்போர் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். தெருநாய்க்கு அத்தகைய துணை இல்லை. மருத்துவரே அதனைத் தேடிச் செல்ல வேண்டியுள்ளது. வலையாலோ சுருக்குக் கயிற்றாலோ அதனை ஒருமுறை பிடித்துவிடலாம். ஆயின் அன்று அஞ்சிய நாய், மறுமுறை ஊழியரின் வண்டியோசை கேட்ட மாத்திரத்தில் மறைந்துவிடும். ஒரே ஊசியில் முடியாத சிகிச்சைகளுக்கு இதுவே பெருந்தடை.

இந்தியத் தெருநாய்களிடம் காணப்படும் ஒருவகைப் புற்றுக்கட்டி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இனச்சேர்க்கையின்போது கட்டியின் உயிரணுக்களே ஒரு நாயினின்று மற்றொரு நாயின் உடலில் ஒட்டி வளர்கின்றன. வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒருமுறை, பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் சிரையில் செலுத்தினால், மிகப் பல நாய்கள் குணமடைகின்றன. மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் அவ்விடத்துத் திசுக்கள் அழிந்து புண்ணாகும். ஆகவே நாய் அசையாதிருத்தலும், அடுத்த வாரம் மீண்டும் கிடைத்தலும் இன்றியமையாதவை. இவ்விரண்டையும் தருவது நம்பிக்கையே.

அந்நம்பிக்கை எவ்வாறு பிறக்கிறது? கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தினர் தெருநாய்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. அறிமுகமற்ற மனிதர் பலமுறை அணுகிப் பழகியபோது, நம்பிக்கை வளர்வதற்கு உணவைவிடத் தலையை வருடுதலே மிகுதியும் துணைசெய்தது. உணவு நாயை அருகே வரச்செய்யும். அன்பான தீண்டலே அதனை அங்கு நிற்கச்செய்யும்.

ஆனால் தீண்டல் முதற்படியன்று. ஊழியர் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திற்குச் செல்லுதல் நன்று. நேருக்கு நேர் உற்றுநோக்காமல், உடலைப் பக்கவாட்டில் திருப்பிச் சற்றே தாழ்ந்து அமர்ந்து, உணவைத் தம் பக்கத்தில் வைத்தல் வேண்டும். நாய் தானே நெருங்கி வந்து முகரும்வரை கையை நீட்டலாகாது. முதலில் தோளையோ மார்பையோ தொடுக. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுசெல்லுதல் அச்சம் விளைக்கும். வாலை ஒடுக்குதல், உதட்டை அடிக்கடி நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், கண்ணின் வெண்மை தெரியப் பார்த்தல் ஆகியவை மனக்கலக்கத்தின் குறிகள். உறுமுதல் வெளிப்படையான எச்சரிக்கை. அதற்காக நாயை அதட்டினால், அடுத்தமுறை அது எச்சரியாமலே கடிக்கக்கூடும். அப்போது பின்வாங்குவதே முறை. அத்தெருவில் வழக்கமாக உணவிடுவோர் உடனிருப்பின் பணி எளிதாகும்.

இம்முறை எல்லா நாய்க்கும் பொருந்தாது. வாயில் உமிழ்நீர் ஒழுகுதல், தாடை தொங்குதல், தள்ளாடுதல், குரல் மாறுதல் ஆகியவை வெறிநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். முன்பு ஒதுங்கி நின்ற நாய் திடீரெனப் பழகத் தொடங்குவதும் ஐயத்திற்குரியது. அத்தகைய நாயைப் பயிற்சி பெற்றோரன்றிப் பிறர் அணுகலாகாது. இப்பணியில் ஈடுபடுவோர் முன்னதாகவே தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும். கடிபட்டால் புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

பள்ளி ஆசிரியர்கள் மாணவருக்கு இதனை எளிதிற் கற்பிக்கலாம். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளுடன் இருக்கும் தாயையும் நெருங்கலாகாது. நாயைக் கண்டு ஓடுதலும் கல்லெறிதலும் தீமையே பயக்கும். கல்லடிபட்ட நாய் மனிதர் எவரையும் நம்பாது. மருந்துடன் வருபவரையும் அது பகைவராகவே எண்ணும்.

ஓரிடத்து நாய்களில் 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி போட்டால், நாய்களிடையே வெறிநோய் பரவுவதைத் தடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. எளிதிற் பிடிபடும் நாய்களைக் கொண்டு மட்டும் இவ்வளவை எட்டுதல் அரிது. எஞ்சுபவை அஞ்சி ஓடும் நாய்களே. அவற்றின் அச்சத்தைப் போக்கச் செலவிடும் சில நாட்கள், அத்தெருவில் விளையாடும் குழந்தைகளின் உயிருக்கும் காவலாகும்.