ஆங்கிலப் பழமொழிக்கு நம் வீட்டில் ஒரு சொந்தம்



என் பேத்தி பள்ளிப் பாடத்தில் படித்த ஓர் ஆங்கிலப் பழமொழியோடு வந்து நின்றாள். வெயில் அடிக்கும்போதே புல்லைக் காயவைத்துக்கொள் என்பது அதன் பொருள். "புல்லை எதுக்குத் தாத்தா காயவைக்கணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதானே! சிங்கப்பூரில் புல்லை வெட்டுவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் மாடுகளுக்குத் தீனி வேண்டும். அதற்காகக் கோடையிலேயே புல்லை அறுத்து உலர்த்துவார்கள். இடையில் மழை பெய்தால் புல் அழுகிவிடும். அதனால் அந்த விவசாயி வெயிலை எதிர்பார்த்தார். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. களத்தில் நெல்லிலிருந்து பதரைப் பிரிக்கக் காற்றுதான் வேண்டும். ஆகவே நம்மவர், "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றார்.

பேத்திக்குக் களமும் தெரியாது, பதரும் தெரியாது. அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, "மழை வருவதற்குள் காயவேண்டும் அல்லவா? அதுதான்" என்றேன். பளிச்செனப் புரிந்துகொண்டாள்.

லிட்டில் இந்தியாவிலும் இப்படியொரு பாடம் இருக்கிறது. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்கிறது ஆங்கிலப் பழமொழி. சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் 916 முத்திரையைப் பார்த்து வாங்கும் நமக்கு அது சொல்லாமலே விளங்கும். "வெளுத்ததெல்லாம் பாலல்ல" என்று நாமும் சொல்கிறோம். பக்கத்திலேயே பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு இருக்கின்றன. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. அந்த வட்டாரத்தில் மாட்டு வணிகம் நடந்த காலத்தை அந்தப் பெயர்கள் இன்றும் சொல்கின்றன. பொன்னும் பாலும் ஒரே பேட்டையில்!

நம் பழமொழிகளின் அருமையை வெளிநாட்டார் அன்றே உணர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல், 6,000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874இல் சென்னையில் வெளியிட்டார். டென்மார்க்கிலிருந்து வந்த ஹெர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாக வகுத்த தொகுப்பொன்றைத் தந்தார். நம்மைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு நம் பழமொழி தேவைப்பட்டது. இன்று நம் பிள்ளைகளுக்கே அது தேவைப்படுகிறது.

காரணம் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசும் சிங்கப்பூர் இந்தியர்கள் 2010இல் 41.6 விழுக்காடு. 2020இல் 59.2 விழுக்காடு. பத்தே ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம்! ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பிள்ளை கொண்டுவரும் ஆங்கிலப் பழமொழிக்கு ஒரு தமிழ்ச் சொந்தத்தை நாம் அறிமுகப்படுத்தலாமே?

வேலிக்கு அப்பால் உள்ள புல் இன்னும் பச்சை என்கிறார் ஆங்கிலேயர். "இக்கரைக்கு அக்கரை பச்சை" என்கிறோம் நாம். அவருக்கு வேலி, நமக்கு ஆறு. ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் ஊருக்குத் தொலைபேசியில் பேசும் நம் ஊழியரைப் பாருங்கள். ஊரிலிருப்பவருக்குச் சிங்கப்பூர் பச்சை; இவருக்கோ ஊர் பச்சை. கடல் கடந்தவருக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்கவேண்டியதில்லை.

பழமொழியைப் பாடமாக மட்டும் சொல்லித்தந்தால் அது தேர்வோடு போய்விடும். சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பாருங்கள், பிள்ளையின் நாவில் அது தங்கும். இன்று இரவே ஒன்றைத் தொடங்குங்கள். காற்று இன்னும் இருக்கிறது.