குடல் உருவாகும் விதம்

பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைப்பதை நம் நாஞ்சில் நாட்டு இல்லங்களில் நாம் கண்டதுண்டு. அன்பினால் செய்வதே, ஆயினும் அக்குழந்தைக்கு அது தேவைதானா?

கருவுற்ற நான்காம் வாரத்தில் குடல் ஓர் எளிய குழாயாகத் தோன்றுகிறது. ஆறாம் வாரத்தில், வயிற்றில் இடம் போதாமையால், தொப்புள்கொடிக்குள் நீண்டு வளர்கிறது. பத்தாம் வாரமளவில் சுழன்று வயிற்றினுள் திரும்பி அமைகிறது. பின்னர் சிசு பனிக்குட நீரை விழுங்கிப் பழகுகிறது. இவ்வாறு இறைவன் ஆயத்தம் செய்த குடலுக்கு முதல் உணவு சீம்பாலே; அதனைப் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் புகட்டுவோம்.

அச்சுழற்சி பிழைத்தாலோ குழாய் அடைபட்டாலோ குழந்தை பச்சை நிறமாக வாந்தியெடுக்கக்கூடும். 24 மணி நேரமாகியும் முதல் மலம் கழியாதிருக்கலாம். கண்ணேறு என்று காலந்தாழ்த்தாது உடனே மருத்துவமனைக்கு விரைவோம். இறைவன் தந்த உயிரைக் காப்பதும் நம் செபமேயாகும்.