கடல் கடந்தோர் கண்ட கோயில்

கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தலாகாது என்பது நம் முன்னோர் கொள்கை. ஆயின், பிழைப்பை நாடிக் கடல் கடந்தோர் கோயிலுள்ள ஊரைத் தேர்ந்து செல்ல இயலவில்லை. சென்ற ஊரிலேயே கோயிலை அமைத்துக்கொண்டனர். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் இதற்குத் தக்க சான்றாகும்.

1819-இல் ராபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கற் சூளையாலும் துணி வாணிகத்தாலும் பொருளீட்டினார். அவர் 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எளிய கோயிலொன்றை எழுப்பினார். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தோர் பலர், வேலையும் உறைவிடமும் கிடைக்கும் வரையில் அங்கேயே தங்கினர். இந்துத் திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரமும் அதற்கு இருந்தது. ஆகவே அது வழிபாட்டிடமாக மட்டுமன்றிச் சத்திரமாகவும் ஊர்ச்சாவடியாகவும் விளங்கிற்று.

இன்று அங்கு நாம் காணும் இராஜகோபுரம் 1925-இல் எழுந்தது. 1973-இல் அக்கோயில் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தீபாவளியையொட்டி நிகழும் தீமிதி விழாவில், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலினின்று அடியார்கள் சுமார் 4 கிலோமீட்டர் நடந்து அங்கு வந்து சேர்கின்றனர். புகலிடம் முன்னது, கோபுரமும் புகழும் பின்னவை.

பிற மாநிலங்களில் வாழும் நாமும் ஆங்காங்கே கோயில்கள் கண்டுள்ளோம். அவற்றின் கோபுர உயரத்தைப் பெருமையுடன் பேசுகிறோம். ஊரிலிருந்து நேற்று வந்திறங்கிய ஏழைத் தொழிலாளி ஒருவர், அறிமுகம் ஏதுமின்றி அங்கு நுழைந்து, தம் மொழியில் வேலைக்கு வழி கேட்க இயலுமா என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.