போனஸுக்குத் தனி வரியா... யார் சொன்னது?

‘என்ன மச்சி, போனஸ் வந்தாச்சா? ட்ரீட் எப்போ?’னு ஃப்ரெண்ட்ஸ் நச்சரிக்கிற நேரத்துலதான் பே ஸ்லிப்பையே ஒழுங்கா பார்ப்போம். லெட்டர்ல போட்டிருந்தது ஒரு தொகை, பேங்க்ல விழுந்தது வேற தொகை! நடுவுல டி.டி.எஸ். என்று ஒரு பெரிய வெட்டு. உடனே, ‘போனஸுன்னா முப்பது பர்சென்ட் வரியாம்டா’ என்று கேன்டீனில் யாரோ கிளப்பிவிட, அதையே எல்லோரும் நம்பிவிடுகிறோம்.

விஷயம் அதுவல்ல. நம்ம ஊரில் போனஸுக்கு என்று தனி வரி விகிதமே கிடையாது பாஸ்! தீபாவளி போனஸ், பெர்ஃபார்மன்ஸ் போனஸ், ஜாயினிங் போனஸ்... பெயர் எதுவானாலும் வருமான வரிக்கணக்கில் எல்லாமே சம்பளம்தான். வருஷச் சம்பளத்தோடு அதைக் கூட்டி, மொத்தத்துக்குத்தான் வரி.

அப்புறம் ஏன் அந்த மாசம் மட்டும் அவ்வளவு பிடிக்கிறாங்க?

வருஷ ஆரம்பத்தில் உங்கள் சம்பளத்தை உத்தேசமாகக் கணக்குப் போட்டு, அதற்கான வரியை மாதாமாதம் பிரித்துப் பிடிக்கிறது ஆபீஸ். திடீரென போனஸ் வந்ததும் மொத்த வருமானம் ஏறிவிடுகிறது. ஏறிய தொகைக்கான வரியை அந்த மாதமே பிடித்துவிடுவார்கள். பார்ப்பதற்கு போனஸில் கைவைத்த மாதிரி தெரியும். அதிகமாகப் பிடித்திருந்தால், ரிட்டர்ன் போடும்போது ரீஃபண்டாகத் திரும்பி வரும்.

12 லட்சம் கணக்கு

2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில் இருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் 11,50,000, போனஸ் 1,00,000. மொத்தம் 12,50,000. இதில் நிலையான கழிவு 75,000 போனால் மிச்சம் 11,75,000. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால், சலுகை போக, கட்ட வேண்டிய வரி... பூஜ்யம்! அந்த ‘முப்பது பர்சென்ட்’ வருவது 24 லட்சத்துக்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டும்தான். பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு.

கம்பெனி மாறுகிறீர்களா... உஷார்!

இளைஞர்கள் வசமாக மாட்டுவது இங்கேதான். ஒருவர் முதல் கம்பெனியில் ஆறு மாதம் வேலை பார்க்கிறார். மாதம் 85,000, போனஸ் 40,000. ஆக 5,50,000. அக்டோபரில் அடுத்த கம்பெனிக்குத் தாவுகிறார். மாதம் 1,25,000, ஜாயினிங் போனஸ் 1,50,000. ஆறு மாதத்தில் 9,00,000. முதல் இடத்தில் போட்ட உத்தேசக் கணக்கும் 12 லட்சத்துக்குள். இரண்டாவது இடத்துக்கோ பழைய சம்பளம் தெரியவே தெரியாது. ரெண்டு பேருமே ஒரு பைசா வரி பிடிக்கவில்லை. நம்மாளும் குஷி!

ரிட்டர்ன் போடும்போதுதான் இடி விழும். மொத்தம் 14,50,000. நிலையான கழிவு இரண்டு தடவை கிடையாது, ஒரு தடவைதான். மிச்சம் 13,75,000. இதற்கு வரி 86,250. செஸ் 4% சேர்த்தால் 89,700 ரூபாய். மொத்தத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும். முன்கூட்டியே கட்டாததற்கு மாதத்துக்கு 1% கணக்கில் வட்டி வேறு!

தப்பிக்க வழி சிம்பிள். புது இடத்தில் சேர்ந்ததுமே பழைய சம்பளம், போனஸ், அதில் பிடித்த வரி விவரங்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். 2025-26-ல் இதற்கான படிவம் 12பி. மீதி மாதங்களில் வரியைப் பிரித்துப் பிடித்துக்கொள்வார்கள். வலி தெரியாது.

ரிட்டர்னில் எங்கே காட்டுவது?

சம்பளம் மட்டுமே வருமானம், மொத்தம் 50 லட்சத்துக்குள் என்றால் பெரும்பாலானோருக்கு ஐ.டி.ஆர்-1 போதும். மொத்தச் சம்பளம் என்கிற இடத்திலேயே போனஸும் அடங்கிவிடும். ‘இதர வருமானம்’ பகுதியில் இன்னொரு முறை எழுதினால், ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வரி! இரண்டு கம்பெனி என்றால் இரண்டு ஃபார்ம் 16-ஐயும் கேட்டு வாங்குங்கள். வருமான வரி இணையதளத்தில் இருக்கும் 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ். விவரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கமான கடைசி தேதி ஜூலை 31. தாமதமானால் 5,000 ரூபாய் வரை கட்டணம். ரிட்டர்ன் போட்டபின் 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்யாவிட்டால் போட்டதே செல்லாது.

2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். சட்டப் பிரிவு எண்கள் மாறினாலும், போனஸும் சம்பளம்தான் என்கிற அடிப்படை மாறவில்லை.

கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

‘ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் ஜாயினிங் போனஸைத் திருப்பித் தரணும்’ என்று ஆஃபர் லெட்டரில் பொடி எழுத்தில் இருக்கலாம். திருப்பித் தர வேண்டியது வரி பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையா, கைக்கு வந்த தொகையா? ஹெச்.ஆரிடம் இதை மெயிலில் கேட்டு, பதிலை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பைக்குக்கு முன்பணம் கட்டுவதெல்லாம் அதுக்கப்புறம்தான்!