கதை தெரிந்த ரசிகர்கள்

பேரணாம்பட்டைப் பற்றி வெளியூரார் பேசத் தொடங்கினால், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் பதனிடும் ஊர்களின் வரிசையில் இதையும் ஒன்றாகச் சேர்த்து, தொழிலின் லாபத்தையும் பாலாற்றுத் தண்ணீரின் கதியையும் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் தமிழும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் புழங்க, ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கும் அவற்றோடு கலந்து ஒலிக்க, மூன்று பாஷைகளின் பாட்டையும் வசனத்தையும் காதில் வாங்கிக்கொண்டே வளரும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு, தொழிலைப் போலவே நெடுங்காலமாகப் பழகிவந்த வித்தை இன்னொன்றும் உண்டு. அது பார்வையாளராக இருக்கும் வித்தை. அண்மைக் காலத்தில் திரையில் கண்ட இரண்டு படங்களையும், ஊர்ப்புறத்தில் வருஷந்தோறும் கண்டுவரும் அரங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தபோது, அந்த வித்தையின் மகிமை எனக்கு ஓரளவு விளங்கிற்று.

முதலில் கூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயில் ஏறத் தொடங்கியதும் வேலூர், குடியாத்தம், காட்பாடி வட்டாரங்களிலுள்ள திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழாவுக்குப் பந்தல் போடுவார்கள். 'எங்க ஊர்ல பாரதம் வெச்சிருக்காங்க' என்று சொன்னால் போதும், உறவினர் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பகற்பொழுதில் வில்லிபுத்தூராரின் பாரதத்தை ஆதாரமாகக் கொண்டு பிரசங்கியார் கதை சொல்லிக்கொண்டு வர, இரவில் அதே கதையின் முக்கியமான கட்டங்களைக் கூத்தர்கள் ஆடிக் காட்டுவார்கள். திரௌபதி கல்யாணம், துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒன்றாகக் கதை நகர்ந்து, இறுதியில் 18-ஆம் போருக்கு வந்து சேரும். அன்று களத்தில் மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் பிளக்க, விரித்த கூந்தலோடு காத்திருந்த திரௌபதி தன் கூந்தலை முடிவாள். படுகளம் முடிந்ததும் தீமிதி.

இரவு பத்து மணிக்குமேல் மேளம் கட்டத் தொடங்கினால் விடியும்வரை ஆட்டம் நடக்கும். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், தாளம், இவற்றுக்கெல்லாம் மேலே கூர்மையாக ஒலிக்கும் முகவீணை ஆகியவை கூடிக் களரியைச் சூடாக்கியபின், இருவர் பிடித்த துணித் திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாட, கட்டியங்காரன் வந்து வருவது யாரென்று சபையோருக்கு அறிவிப்பான். திரை விலகியதும், முத்துவெள்ளையும் அரிதாரமும் பூசிய முகமும், கண்ணாடித் துண்டுகள் மின்னும் மரக் கிரீடமும், புஜகீர்த்தியும், மார்பதக்கமுமாக அரசன் சுழன்று சுழன்று அடவு போடுவான். ராஜாவை ராஜாவென்று மதிக்காமல் கேள்வி கேட்கும் உரிமை பெற்றவன் கட்டியங்காரன் ஒருவனே. குடிநீர்க் குழாயிலிருந்து தேர்தல் வாக்குறுதி வரை உள்ளூர் வம்பையெல்லாம் அஸ்தினாபுரத்துக்குள் இழுத்துவந்து விடுவான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. கூடியிருக்கும் ஜனங்களில் ஒருவருக்காவது கதை தெரியாமல் இருப்பதில்லை. கர்ணன் சாவான் என்பது முறுக்கு தின்றுகொண்டிருக்கும் குழந்தைக்கும் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் அறவே இல்லாத அந்தச் சபை, அது எப்படி நடக்கப்போகிறது என்பதைப் பார்ப்பதற்காகவே இரவெல்லாம் விழித்திருக்கிறது. துகிலுரிதல் இரவில், பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் துச்சாசனன் வேஷத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, 'போன வருசம் ஆடுனவன் அம்மன்கிட்ட நல்லா மன்னிப்புக் கேட்டுக்கினு அப்பறம் கை வெச்சான்பா. இவன் அவசரப்படுறான்' என்று தீர்ப்புச் சொன்னார். கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்கிய பிறகே துச்சாசனன் புடவையைத் தொட வேண்டும் என்பது சம்பிரதாயம்; அதில் எத்தனை பணிவு இருந்தது, எத்தனை நிமிஷம் இருந்தது என்பதைக்கூட அளந்து பார்க்கும் விமர்சகர் அவர். அர்ஜுனன் தபசு அன்றோ பார்வையாளர் கூத்தின் பாத்திரங்களாகவே ஆகிவிடுகிறார்கள். உயரமான தபசு மரத்தின்மேல் பாடிக்கொண்டே ஏறும் அர்ஜுனன் உச்சியிலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் பிடிப்பதற்காகக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்கும்போது, நாடகம் எங்கே முடிந்து வழிபாடு எங்கே தொடங்குகிறது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

இதே ரசனையின் மற்றொரு வடிவத்தை எங்கள் வட்டாரத்து முஷாயிராக்களில் காணலாம். உருதுக் கவிஞர்கள் கூடிக் கஜல் பாடும் அந்தச் சபைகளில், முதல் ஈரடியிலேயே காஃபியா என்னும் எதுகையும் ரதீஃப் என்னும் மாறாத இறுதிச் சொல்லும் நிச்சயமாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் ஈரடியும் எந்தச் சொல்லில் போய் முடியும் என்பது சபையோருக்கு முன்கூட்டியே தெரியும். கவிஞர் முதலடியை ஒருமுறைக்கு இருமுறை சொல்லி நிறுத்தும்போது, அவர் எந்த வழியாக அங்கே வந்து சேரப்போகிறார் என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஊகித்துக்கொண்டிருப்பார்கள். ஊகத்தை மிஞ்சிய அர்த்தத்தோடு அந்தச் சொல் வந்து விழுந்ததும், 'வாஹ் வாஹ்' என்ற கோஷமும், மறுபடி சொல்லக் கேட்கும் 'முகர்ரர்' என்ற குரலும் எழும். கோயில் முன் களரியும் முஷாயிரா மேடையும் மதத்தாலும் மொழியாலும் வேறுபட்டவையாயினும், முடிவு தெரிந்தவர்களைத் திருப்தி செய்வதே இரண்டிலும் கலைஞனுக்கு வைக்கப்படும் பரீட்சை.

இத்தகைய பயிற்சி பெற்ற கண்களோடு சினிமாவுக்குப் போனால் என்ன நேரும்? 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், இரண்டு வார இடைவெளியில், பழைய வட ஆற்காட்டு மண்ணைப் பற்றிய இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று பாரி இளவழகன் இயக்கி, தாமே கதாநாயகனாகவும் நடித்த 'ஜமா'. மற்றொன்று பா. ரஞ்சித் இயக்கத்தில் விக்ரம் நடித்த 'தங்கலான்'. முன்னது சிறு முதலீட்டில் எடுத்த படம்; பின்னது பெரும் பொருட்செலவில் உருவானது.

கூத்துக் குழுவுக்கு இந்தப் பக்கத்தில் வழங்கும் பெயரே 'ஜமா'. திருவண்ணாமலைப் பக்கத்துக் குழு ஒன்றில் ஸ்திரீ வேஷம் கட்டும் கல்யாணம் என்ற வாலிபனுக்கு, அர்ஜுனன் வேஷம் கட்டவேண்டும், தனக்கென்று ஒரு ஜமா வேண்டும் என்ற ஆசைகள். குழுவின் வாத்தியாரான தாண்டவமோ அவற்றுக்கு இடம் கொடுப்பதாக இல்லை. பெண் வேஷம் கட்டிக் கட்டி நடையிலும் பேச்சிலும் நளினம் படிந்துவிட்டதனால், பெண் பார்க்கப் போன இடங்களிலும் கல்யாணத்துக்கு அவமானமே மிஞ்சுகிறது. தாண்டவமாக வரும் சேத்தனின் குரூரமும் கம்பீரமும் கலந்த நடிப்பு, ஜமா வாத்தியார்களை நேரில் அறிந்தவர்களுக்குச் சற்றும் அந்நியமாகத் தோன்றாது. பக்திக்குரிய பாத்திரத்தை இரவில் தாங்கி நிற்பவன் பகலில் பரிகாசத்துக்கு ஆளாவது கூத்து உலகத்தின் பழைய துயரம். அதை உபதேசம் இல்லாமல் காட்டியது படத்தின் முதல் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு, கூத்தைக் கூத்தாகவே நடக்கவிட்டது. சினிமாவில் கிராமியக் கலை வந்தால், இரண்டு நிமிஷம் வர்ணஜாலம் காட்டிவிட்டுக் கதாநாயகியின் முகத்துக்குக் கேமரா திரும்பிவிடுவதே பெரும்பாலும் வழக்கம். இங்கே ஆட்டம் அதற்குரிய அவகாசத்தோடு நடக்கிறது. அதிலும் படத்தின் கடைசிப் பகுதியில் கூத்தே கதையை ஏற்று நடத்துகிறது. இளையராஜா இசையமைத்திருக்கிறார். 1995-இல் நாசர் இயக்கி நடித்து வெளிவந்த 'அவதாரம்' படத்திலும் கூத்துக் கலைஞர்களின் வாழ்க்கைக்கு இசை கொடுத்தவர் அவரே. ஏறக்குறைய முப்பது வருஷத்துக்குப் பிறகு அதே உலகத்துக்குத் திரும்பி வந்தவர், முகவீணையும் மேளமும் பேசவேண்டிய இடங்களில் தம் வாத்தியங்களை அடக்கி வாசித்திருக்கிறார் என்றே என் செவிக்குப் பட்டது. குறை என்று சொல்வதானால், காதல் கதையின் சில காட்சிகள் மற்றப் படங்களில் பார்த்த வழியிலேயே போகின்றன. கூத்துக் காட்சிகளில் இருந்த நிதானம் அங்கே இல்லை.

'தங்கலான்' எங்களுக்கு வேறொரு விதத்தில் நெருக்கமான படம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், வட ஆற்காட்டு வேப்பூர் என்ற கிராமத்திலிருந்து நிலமிழந்த ஏழை ஜனங்கள் வெள்ளைக்காரத் துரையோடு பொன் தேடிக் கோலார்ப் பக்கம் போவது அதன் கதை. பேரணாம்பட்டிலிருந்து மலையேறி வி. கோட்டா வழியாகப் போனால் அரை நாளைக்குள் கோலார் தங்கவயலை அடைந்துவிடலாம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே பெரிய அளவில் சுரங்கம் தோண்டத் தொடங்கியபின், வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புற ஜில்லாக்களிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், கூட்டங் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பூமியின் வயிற்றில் இறங்கி வேலை செய்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும்வரை நீடித்தது அந்த வரலாறு. ஆகவே படத்தின் ஆதாரமான துயரம் எங்களுக்குக் கேட்டுப் பழகிய கதைதான்; கூத்துச் சபையைப் போலவே நாங்கள் திரைக்கு முன் உட்கார்ந்தோம்.

முன்பாதி எங்களை ஏமாற்றவில்லை. தந்தை தன் குழந்தைகளுக்கு முன்னோர் கதையைச் சொல்லுகிற இடமும், முதன்முதலாக ரவிக்கை அணிந்த பெண்கள் கூச்சமும் ஆனந்தமுமாகக் கூடி ஆடுகிற இடமும், கங்கம்மாவாக வரும் பார்வதியின் முகபாவங்களும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. பின்பாதியிலோ, கனவும் மாயையும் சண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதும்போது, எந்த இடத்தில் மனம் நின்று துயரப்படவேண்டும் என்பது புலப்படாமல் போகிறது. மாயத்தை நம்பாத ரசிகர்கள் அல்லர் நாங்கள். தபசு மரத்தின் உச்சியில் கைலாசத்தைக் கண்டு கைகூப்புகிறவர்கள்தாம். ஆயினும் கூத்தில் அந்த மாயம் நிகழ்வதற்குமுன் பாட்டும் வசனமும் மறுபடி பாட்டுமாக ஒரு மணி நேரம் எங்களைத் தயார் செய்துவிடுகிறார்கள். சினிமாவுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. அடுத்து என்ன என்ற அவசரம் எப்படி என்ற அழகை விழுங்கிவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

அந்தப் படத்தில் கெங்குபட்டராக வரும் பசுபதியின் நடையையும் குரலையும் பார்த்தபோது, கூத்துக்கும் சினிமாவுக்கும் இடையே ஓடும் ரகசியமான உறவு நினைவுக்கு வந்தது. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை கிராமத்துத் தம்பிரான் பரம்பரையினரின் கூத்தில் மனத்தைப் பறிகொடுத்த எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தார்; புரிசை கண்ணப்பத் தம்பிரான் அங்குள்ள நடிகர்களுக்குக் கூத்தின் நுட்பங்களைக் கற்பித்தார். அந்தப் பட்டறையில் உருவானவர் பசுபதி. காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபால் முதலியோர் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கமும், 2002-இல் அதன் சார்பில் ஏற்பட்ட குருகுலமும் சிறுமிகளுக்கும் கட்டை வேஷம் கட்டக் கற்றுக்கொடுத்தன. ஆண்களே பெண்ணாக ஆடிவந்த களரியில் பெண்கள் துரியோதனனாக வந்து நிற்பதற்கு அது வழி திறந்தது. 'ஜமா' படத்துக் கல்யாணத்தின் துயரத்துக்கு வாழ்க்கை கண்டுபிடித்த பல பதில்களுள் அதுவும் ஒன்று.

கூத்தின் இன்றைய நிலை இந்தப் பெருமைகளுக்கு ஈடாக இல்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. விடியும்வரை நடந்த ஆட்டத்தைப் பல இடங்களில் நள்ளிரவுக்குள் முடிக்கச் சொல்லுகிறார்கள். நடுவே சினிமாப் பாட்டைச் செருகாவிட்டால் இளைஞர்கள் எழுந்து போகிறார்கள். ஒலிபெருக்கியின் இரைச்சலில் முகவீணையின் நுட்பம் மூழ்கிவிடுகிறது. சம்பளமும் பல கலைஞருக்குத் திருவிழா நடக்கும் சில மாதங்களின் சம்பளமே. ஆனால் கூத்தர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; சபை எதைக் கேட்கிறதோ அதையே அவர்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பார்வையாளரின் சக்தி எத்தகையது என்பதற்கு வேலூரே சாட்சி சொல்லும். சக்தி நாடக சபையார் வேலூரில் 'நூர்ஜஹான்' நாடகம் நடத்தியபோது, நூர்ஜஹானாக ஸ்திரீ வேஷம் கட்டியவர் கணேசன் என்ற இளைஞர். சபையில் உட்கார்ந்து அதைப் பார்த்து வியந்தவர்களுள் ஒருவர் வேலூர்க்காரரான பி. ஏ. பெருமாள் முதலியார். பின்னர் நேஷனல் பிக்சர்ஸ் சார்பில் 'பராசக்தி' எடுக்க முனைந்தபோது, புதுமுகம் வேண்டாம் என்று பிறர் தடுத்தும், தாம் கண்ணால் கண்டதை நம்பி அவரையே கதாநாயகனாக்கினார். 1952 தீபாவளிக்கு வெளிவந்த அந்தப் படத்தோடு சிவாஜி கணேசனின் திரையுலக வாழ்வு தொடங்கிற்று. பெண் வேஷத்துக்குள் இருந்த மகாநடிகரைக் கண்டுகொள்ள, கூர்ந்து பார்த்த ஒரு ரசிகர் போதுமாயிருந்தது.

ஆகையால் அடுத்த சித்திரையில் பக்கத்து ஊரில் பாரதம் வைத்தால், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய்த் திரைக்கு அருகில் உட்காருங்கள். கர்ணன் சாவான் என்பதை முன்னாலேயே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அப்படிப் பழகிய குழந்தைகள் நாளைக்கு ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, கதை என்ன என்பதோடு நிறுத்தாமல், எப்படிச் சொன்னார்கள் என்றும் கேட்பார்கள். படம் எடுக்கிறவர்களுக்கும் அதைவிட நல்ல சபை கிடைக்காது.