குறையாக நிற்கும் கற்குவியல்

கனடாவின் ஐக்கியத் திருச்சபை, மெதடிஸ்டு முதலிய சபைகள் 1925-ல் ஒன்றுகூடி அமைந்ததாகும். முதுகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசியதற்காகத் தண்டித்த உறைவிடப் பள்ளிகளை அரசினரோடு சேர்ந்து நடத்திய சபைகளுள் இதுவும் ஒன்று. அம்மக்களிடம் சபை மன்னிப்புக் கேட்கவேண்டுமென 1985-ல் வலியுறுத்தியவர் ஆல்பர்ட்டா பில்லி என்னும் முதுகுடிப் பெண்மணி.

மறு ஆண்டு ஆகஸ்டில் சட்பரி நகரில் கூடிய பொதுப்பேரவை அதற்கு இணங்கிற்று. தம் நாகரிகத்தையே நற்செய்தியென மயங்கி அதனைப் பிறர்மேல் திணித்ததாகத் தலைவர் ராபர்ட் ஸ்மித் முதுகுடி மூத்தோர் முன் ஒப்புக்கொண்டார். அந்நிகழ்ச்சியின் நினைவாகக் கற்குவியல் ஒன்றும் எழுப்பப்பட்டது.

விடை கிடைத்தது 1988-ல். மன்னிப்புரை தம்மை எட்டியதென முதுகுடியினர் அறிவித்தனர். அதனை ஏற்றதாகக் கூறினாரல்லர். சொல்லைச் சபை வாழ்ந்து காட்டட்டும் என்பது அவர்தம் கருத்து. கற்குவியலும் வேண்டுமென்றே குறையாக விடப்பட்டது.

‘மன்னிப்புக் கேட்டல்’ என்னும் நம் வழக்கை ஈண்டு நோக்குக. கேட்டல் என்றாலே கொடுப்பதும் மறுப்பதும் எதிரில் நிற்பாரின் உரிமையாகிவிடுகிறது. அவ்வுரிமையைத்தான் அம்மூத்தோர் அமைதியாகக் கையாண்டனர். சினத்தால் மறுத்தனர் என்பது பொருந்தாது.

அவர்கள் ஐயுற்றதற்குக் காரணமும் உண்டு. 1986-ஆம் ஆண்டு உரையில் உறைவிடப் பள்ளிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்கெனத் தனி மன்னிப்பு 1998-ல்தான் வந்தது. சபையின் இலச்சினையில் மோகாக் மொழித் தொடரொன்று இடம்பெற 2012 வரை ஆயிற்று.