பூங்காவின் கதவு எல்லார்க்கும் திறக்கட்டும்

பின்னலாடைப் பொறிகளின் ஓசையிலேயே திருப்பூரில் நம் பொழுது கழிகிறது. நமக்கு அது பழகிவிட்டது. ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலருக்கோ பேரொலியும் கண்கூசும் ஒளியும் தாங்கொணாத் துன்பமாகும். அவர்கள் காதைப் பொத்தி அலறுவதைப் பிடிவாதம் எனப் பிறர் ஏசுவதால், பெற்றோர் அவர்களை வீட்டிலேயே வைத்திருக்க நேர்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. பொதுவிடங்கள் அவர்களுக்கும் உரியன. பெங்களூர் கோல்ஸ் பூங்காவில் 2006இல் பெற்றோர் முயற்சியால் அனைவருக்குமான விளையாட்டிடம் அமைந்தது. நம் ஊர்ப் பூங்காக்களிலும் மரநிழலில் ஓர் அமைதி மூலை, சாலைக்குள் ஓடிவிடாதிருக்கச் சுற்றுவேலி, படங்களாலான வழிகாட்டிப் பலகை, சீராக ஆடும் ஊஞ்சல் ஆகியன வேண்டும். இவற்றிற்குப் பெருஞ்செலவில்லை. அதற்கு முன், அக்குழந்தைகளைக் கண்டு முகஞ்சுளிக்கும் வழக்கத்தை நாம் விடவேண்டும்.